கற்றூண் காட்சிக்கு ரோஹித் வரலாமா?

சாணார்பட்டி
12.3.2023, ஞாயிறு

அன்புள்ள ஜெஸ்ஸிக்கு,

போனில் பேசினால் நான் கத்துகிறேனாம். கடிதம் எழுதினால் படிப்பாயாம். உன் அண்ணி மலர்விழி அப்படித்தான் சொன்னார்கள். சரி, எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நான் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. தபால் ஆபீசில் கவர் கேட்டதற்கு அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "என்ன சேவியரு, கோர்ட்டு கேஸா?" என்று கேட்டது. பெண்டாட்டிக்கு எழுதுகிறேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டு வந்தேன். இந்நேரம் ஊர் முழுக்க என்மேல் ஒரு கேஸ் நடந்துகொண்டிருக்கும்.

நீ ரோஹித்தைத் தூக்கிக்கொண்டு சேவுகம்பட்டிக்கு, உன் அண்ணன் வீட்டுக்குப் போய்ப் பன்னிரண்டு நாள் ஆகிறது. அன்றைக்கு ஏதோ கோபத்தில் கை நீண்டுவிட்டது. இல்லை என்று நான் சொல்லவில்லை. நீ லேபிலிருந்து வர நேரமாகிவிட்டது, பிள்ளைக்குக் காய்ச்சல், எனக்கு மில்லில் ஷிப்ட்டுக்கு நேரமாகிறது, நீயும் பதிலுக்குப் பதில் பேசினாய். எந்த வீட்டில் நடக்காதது? அதற்காக விடிந்ததும் பெட்டியைக் கட்டுவதா? அம்மா சாப்பிட உட்கார்ந்தால் ரோஹித்தின் சின்னத் தட்டையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறாள். பார்க்கச் சகிக்கவில்லை.

நான் சொல்ல வந்தது வேறு. ஈஸ்டர் முடிந்த சனிக்கிழமை, ஏப்ரல் பதினைந்து, நம் ஊர்ப் பாஸ்கா நாடகம். அம்மா பக்கவாதம் வந்து படுத்தபோது, அவள் எழுந்து நடந்தால் ஆண்டவரின் பாடுகளில் யாரும் கேட்டு வாங்காத வேஷத்தை ஒன்பது பாஸ்காவுக்கு நான் போடுகிறேன் என்று நேர்ந்துகொண்டது உனக்குத் தெரியும். அம்மா நடந்தாள். நான் சவுக்கை எடுத்தேன். கொரோனா இரண்டு வருடத்தை விழுங்கிவிட்டதால் இந்த வருடம்தான் ஒன்பதாவது. ஆண்டவரைக் கற்றூணில் கட்டி அடிக்கிற சேவகன் வேஷத்தை இந்த வருடத்தோடு இறக்கி வைக்கிறேன். அன்றைக்கு என் மகன் முன்வரிசையில் இருக்க வேண்டாமா?

நீ என்மேல் எவ்வளவு கோபமாக வேண்டுமானாலும் இரு. அவனை மட்டும் கூட்டி வா. முன்வரிசையில் இரண்டு நாற்காலி போட்டு வைக்கிறேன்.

பையனுக்கு என் முத்தம். காய்ச்சல் விட்டதா என்று எழுது.

சேவியர்

*

சேவுகம்பட்டி
17.3.2023

ரோஹித்தின் அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. காய்ச்சல் மூன்றாம் நாளே விட்டுவிட்டது. அண்ணி கொடுக்கிற பருப்புச் சோற்றை மறு பேச்சில்லாமல் சாப்பிடுகிறான். நான் வத்தலக்குண்டில் ஒரு லேபில் காலை நேரம் மட்டும் வேலைக்குப் போகிறேன்.

"அன்புள்ள" என்று எழுத மனம் வரவில்லை. வந்தால் எழுதுவேன்.

கை நீண்டுவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். கை தானாக நீளாது. நாள் முழுக்க ரத்த அணுக்களை எண்ணிப் பார்த்து எழுதுவது என் பிழைப்பு, அதனால் சொல்கிறேன்: இரண்டு அடி. இடது கன்னத்தில் ஒன்று, காதோரம் ஒன்று. நடுவில் ஒரு வார்த்தை சொன்னீர்கள். அது உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா என்று தெரியவில்லை.

இனி பாஸ்கா விஷயம். ரோஹித்துக்கு இரண்டு வயது நாலு மாதம். நாடகம் ஆறரைக்குத் தொடங்கினால் கற்றூண் காட்சிக்கு ஒன்பது மணியாகிவிடும். அவன் எட்டு மணிக்குத் தூங்குகிற பிள்ளை. தூக்கம் கலைந்தால் என்ன பாடுபடுத்துவான் என்று உங்களுக்குத் தெரியாது, நீங்கள் அந்நேரம் மில்லில் இருப்பீர்கள். முன்வரிசை என்கிறீர்கள், அதற்கு நேர் எதிரில் மைக்செட் பெரியகருப்பனின் ஸ்பீக்கர் பெட்டி ஆள் உயரத்துக்கு நிற்கும். குக்கர் விசில் அடித்தாலே என் சேலையைப் பிடித்துக்கொள்கிறவன் அவன். கூட்டத்தில் மூச்சு முட்டும். ஒன்றுக்கு வந்தால் எங்கே தூக்கிக்கொண்டு ஓடுவது?

இவை எல்லாமே உண்மையான காரணங்கள்தான். வேறு எந்த நாடகமாக இருந்தாலும் இவற்றைச் சொல்லி முடித்திருப்பேன். இன்னொன்று இருக்கிறது. அதை எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை.

அத்தைக்கு மாத்திரை தீர்ந்திருக்கும். டப்பாவைத் திறந்து பாருங்கள்.

ஜெஸ்ஸி

*

சாணார்பட்டி
21.3.2023

அன்புள்ள ஜெஸ்ஸிக்கு,

மாத்திரை தீர்ந்து நாலு நாள் ஆகியிருக்கிறது. அம்மா வாயே திறக்கவில்லை. கேட்டால், "ஏலே, அவ இருந்தா அவளே பாத்துக்குவா, ஒங்கிட்ட என்னத்தக் கேக்க?" என்கிறாள். வாங்கிக் கொடுத்துவிட்டேன்.

நீ சொன்ன காரணம் ஒவ்வொன்றுக்கும் வழி பண்ணிவிட்டேன், கேள்.

பெரியகருப்பனைப் போய்ப் பார்த்தேன். "ஒனக்காக இல்லண்ணே, மாப்பிள்ளைக்காக" என்று சொல்லி, முன்வரிசைப் பெட்டியைப் பனைமரத்துப் பக்கம் திருப்பி வைப்பதாகச் சொல்லிவிட்டான். மாப்பிள்ளை என்றால் நம் ரோஹித்துதான், பெரியகருப்பனுக்குப் பெண் பிறந்திருக்கிறது. காதுக்குப் பஞ்சு நான் மில்லிலிருந்து கொண்டு வருகிறேன், நாங்களே அதை வைத்துக்கொண்டுதான் வேலை பார்க்கிறோம். எங்கள் தொண்டை பெரிதானதும் அந்த மெஷின் சத்தத்தால்தான், அதைக் கோபம் என்று நினைத்தால் நான் என்ன செய்வேன்? தூக்கத்துக்கு வழி, மத்தியானம் நன்றாகத் தூங்க வைத்துக் கூட்டி வா. ஒன்றுக்கு வந்தால் சந்தியாகுவின் வீடு மேடைக்குப் பின்னாலேயே இருக்கிறது, சொல்லி வைத்துவிட்டேன்.

பயப்படுவான் என்றுதான் நீ யோசிக்கிறாய், அதுவும் எனக்குப் புரிகிறது. காலையிலேயே கூட்டி வா. வேஷம் போடுவதற்கு முன்னால் அவனுக்கு எல்லாவற்றையும் காட்டிவிடலாம். சவுக்கு மில்லில் கழிந்த பஞ்சு நூலை நானே முறுக்கிச் செய்தது, அடித்தால் குழந்தைக்குக்கூட வலிக்காது. சிவப்புச் சாயத்தில் நனைத்து வைத்திருப்பதால் பட்ட இடம் சிவக்கும், அவ்வளவுதான். கை வீச்சு ஆண்டவர் வேஷம் போடுகிற இன்னாசியின் முதுகுக்கு ஒரு சாண் தள்ளி நின்றுவிடும், நூல் நுனி மட்டும் தடவிவிட்டுப் போகும். நான் வலது காலைத் தரையில் ஓங்கி மிதிப்பேன். அதுதான் பெரியகருப்பனுக்கு அடையாளம். அவன் மைக்குக்குப் பக்கத்தில் ஒரு பலகையைப் பெல்ட்டால் அடிப்பான். பார்க்கிறவர்களுக்குத் தோல் உரிகிற மாதிரி இருக்கும். கை தட்டு அள்ளும். இதெல்லாம் ஒரே நாளில் வந்ததா? இந்தத் தவக்காலத்திலும் தினம் சாயங்காலம் பழகுகிறேன், நம் பின்பக்க முருங்கை மரம் சிவந்து கிடக்கிறது.

இன்னாசி இந்த வருடமும் நாற்பது நாளும் ஒரு வேளைச் சாப்பாடு, செருப்பில்லாத கால். ஆண்டவராக நிற்பதற்கு அவனை விட்டால் ஆளில்லை. வழக்கம் போலப் பாஸ்காவுக்கு முந்தின புதன்கிழமை நாங்கள் எல்லாரும், யூதாஸ், பிலாத்து, சேவகர்கள், வரிசையாக அவன் முன்னால் முழங்காலிட்டு, "ஒங்கள நோகடிக்கப் போறோம், மனசார மன்னிக்கணும்" என்று கேட்போம். எட்டு வருடம் கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு வருடமும் எனக்குக் கண் கலங்கிவிடும். வேஷத்துக்கே இவ்வளவு பயபக்தியாக இருக்கிறவனை நீ ரொம்பத்தான் கெட்டவனாக நினைக்கிறாய்.

இன்னொரு காரணம் இருக்கிறது என்று எழுதினாயே, அதையும் எழுதிவிடு. அதற்கும் வழி பண்ணுகிறேன்.

சேவியர்

*

சேவுகம்பட்டி
27.3.2023

ரோஹித்தின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை பெரியகருப்பன் சொன்னதைப் படித்துச் சிரித்துவிட்டேன், அண்ணி எட்டிப் பார்த்தார்கள். இரண்டாம் முறை சிரிப்பு வரவில்லை.

இன்னாசியின் முதுகில் உங்கள் கை எட்டு வருடத்தில் ஒரு தடவைகூடப் பட்டதில்லை. அவரிடம் எட்டு முறை மன்னிப்புக் கேட்டிருக்கிறீர்கள், கண்ணும் கலங்கியிருக்கிறது. என் கன்னத்தில் பட்டது. மூன்று விரல் அடையாளம் மறுநாள் வரை இருந்தது. பஸ்ஸில் முந்தானையால் மறைத்துக்கொண்டு வந்தேன். எனக்கு நீங்கள் எழுதியது நாற்காலி, பஞ்சு, ஸ்பீக்கர் பெட்டி.

ஆயிரம் பேர் பார்க்கும்போது, சவுக்கு வீசுகிற வேகத்தில், ஒரு சாண் தள்ளிக் கையை நிறுத்தத் தெரிந்தவர் நீங்கள். அப்படியென்றால் நிறுத்தத் தெரியாமல் அடித்தீர்கள் என்று நான் எப்படி நம்புவது? யாரும் பார்க்காத இடத்தில் நிறுத்தவில்லை. இதைத்தான் இத்தனை நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் கெட்டவர் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை, என் அண்ணனிடம்கூட. ரோஹித் பிறந்தபோது மூன்று நாள் ஆஸ்பத்திரி வராண்டாவில் வெறும் தரையில் படுத்துக் கிடந்தவர் நீங்கள். என் சம்பள வேலையை விடச் சொல்லி உங்கள் சொந்தக்காரர்கள் பேசியபோது எனக்காகச் சண்டை போட்டவர் நீங்கள். அதனால்தான் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன். இல்லாவிட்டால் கவரை அப்படியே திருப்பி அனுப்பியிருப்பேன்.

அவன் பயந்து அழுவான் என்று நான் தயங்குவதாக நினைக்கிறீர்கள். அழுதால் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிடுவேன். அழுகை எனக்குப் பயமில்லை.

அவன் காலையில் எழுந்ததும் "அப்பா மில்லு" என்கிறான். ஆமாம் கண்ணு, அப்பா மில்லு என்கிறேன். வேறு என்ன சொல்ல?

ஜெஸ்ஸி

*

சாணார்பட்டி
2.4.2023, குருத்து ஞாயிறு

ஜெஸ்ஸிக்கு,

குருத்தோலையோடு நேராக வீட்டுக்கு வந்து எழுதுகிறேன். குடும்பம் குடும்பமாக எல்லாரும் பவனி வந்தார்கள். நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தேன். "எங்கப்பு ஒம் மகன்?" என்று கேட்காத ஆளில்லை.

நீ பெரிய வக்கீல் மாதிரி எழுதுகிறாய். ஒரு சாண் தள்ளி நிறுத்தத் தெரிந்தவன், நிறுத்தவில்லை! நல்லது. நான் குடிக்கிறேனா? தினம் அடிக்கிறேனா? கல்யாணமாகி ஐந்து வருடத்தில் ஒரு நாள். ஊரில் போய்க் கேள், யார் வீட்டில் என்ன நடக்கிறது என்று. ஒரே ஒரு நாளுக்காகப் பெற்ற மகன் அப்பனின் நேர்ச்சையைப் பார்க்கக் கூடாதா?

வார்த்தை ஒன்று சொன்னேன் என்றாய். என்ன சொன்னேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை. அழுகை பயமில்லை என்றால் எதுதான் பயம்? மூடி மூடி எழுதாதே. சொல்வதானால் சொல், இல்லாவிட்டால் இனி எழுதாதே.

நாற்காலி இரண்டும் அங்கேயே இருக்கும். வந்தால் வா.

சேவியர்

*

சேவுகம்பட்டி
8.4.2023, பெரிய சனி

ரோஹித்தின் அப்பாவுக்கு,

எழுதாதே என்றால் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். நேற்றுப் பெரிய வெள்ளி. கோவிலில் மூன்று மணி வழிபாட்டில் பாடுகளை வாசித்தார்கள். சவுக்கால் அடித்தார்கள் என்கிற இடம் வந்தது. மடியில் இருந்த ரோஹித் காலைத் தரையில் ஒரு மிதி மிதித்தான். அதைப் பார்த்த பிறகு மூடி வைப்பதில் பிரயோஜனமில்லை. சொல்லிவிடுகிறேன்.

போன வருடப் பாஸ்காவுக்கு அவனைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தேன். ஒன்றரை வயதுகூட ஆகவில்லை. நீங்கள் சவுக்கைச் சுழற்றி அடிக்க அடிக்கக் கூட்டம் கை தட்டியது, அவனும் தட்டினான். பக்கத்தில் இருந்தவர்கள், "அப்பனுக்குக் கை தட்டுறான் பாரு" என்று கன்னத்தைக் கிள்ளினார்கள். நானும் பெருமையாக முத்தம் கொடுத்தேன்.

இந்த வருடம் சாம்பல் புதனிலிருந்து நீங்கள் முருங்கை மரத்தில் பழகினீர்கள். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் வேடிக்கை பார்க்க வந்தார்கள். கால் மிதி, வீச்சு, கை தட்டு. ரோஹித் தினமும் அதைப் பார்த்தான்.

பிப்ரவரி இருபத்தெட்டு, செவ்வாய்க்கிழமை. நீங்கள் முதல் அடி அடித்தீர்கள். "வாய மூடு" என்றீர்கள். இரண்டாவது அடி அடித்தீர்கள். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டீர்கள். வண்டியை உதைத்துக் கிளப்புகிற சத்தம் கேட்டது.

ரோஹித் அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தான். காய்ச்சலில் முகமெல்லாம் சிவந்திருந்தது. அவன் அழவில்லை. கை தட்டினான்.

தட்டிவிட்டு, நானும் தட்ட வேண்டும் என்று என் முகத்தைப் பார்த்துச் சிரித்தான். போன வருடம் மடியில் உட்கார்ந்து பார்த்தானே, அதே பார்வை. என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவன் முகம் மாறிவிடக் கூடாது என்று நினைத்தேனோ என்னவோ, நானும் தட்டினேன்.

இதை எழுதத்தான் எனக்குக் கை வரவில்லை. உங்கள் அடி வலித்தது, ஆறிவிட்டது. நான் தட்டியது ஆறவில்லை. அன்று இராத்திரி முழுக்க என் கையைத்தான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதனால்தான் விடிந்ததும் பெட்டியைக் கட்டினேன்.

இங்கே அவனிடம் ஒரு துணி யானை இருக்கிறது. அண்ணன் மகளுடையது. வந்த மூன்றாம் நாள் அதைச் சுவரோரம் நிறுத்தி, வலது காலை ஓங்கி மிதித்து, குற்றாலத் துண்டால் அடித்தான். "வாய மூடு" என்றான். மறுபடியும் அடித்தான். திரும்பி எங்களைப் பார்த்தான். அண்ணி விஷயம் தெரியாமல் சிரித்துக் கை தட்டப் போனார்கள். நான் அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மேடையில் பார்த்தது, முருங்கை மரத்தடியில் பார்த்தது, அடுப்படியில் பார்த்தது மூன்றையும் அவன் ஒன்றாக்கி வைத்திருக்கிறான். அவனுக்கு எல்லாம் ஒரே நாடகம். அதில் நன்றாக நடிக்கிறவர் அவன் அப்பா. இப்போது சொல்லுங்கள், அவனை முன்வரிசையில் உட்கார வைக்கட்டுமா? பஞ்சை எதில் வைப்பது?

அவனைக் கூட்டி வருவதா வேண்டாமா என்பதை உங்களிடமே விட்டுவிடுகிறேன். நீங்களும் அவனைப் பெற்றவர்தான்.

ஜெஸ்ஸி

*

சாணார்பட்டி
13.4.2023, வியாழன்

ஜெஸ்ஸிக்கு,

தபாலில் போட்டால் சனிக்கிழமைக்குள் வந்து சேராது. வத்தலக்குண்டுக்குத் தேங்காய் ஏற்றிப் போகிற சடையாண்டியின் கையில் கொடுத்து அனுப்புகிறேன்.

ரோஹித்தைக் கூட்டி வர வேண்டாம்.

உன் கடிதம் நேற்றுக் காலையில் வந்தது. மில்லுக்குப் போகவில்லை. படித்துவிட்டுப் பின்பக்கம் போய் முருங்கை மரத்தைப் பார்த்தேன். என் தோள் உயரத்தில் நான் அடித்த சிவப்பு இருந்தது. குனிந்து பார்த்தேன். கீழே, என் முழங்காலுக்கும் கொஞ்சம் கீழே, சின்னச் சின்னதாகக் கோடு கோடாகச் சிவப்பு. அது நான் அடித்ததில்லை. நான் ஷிப்ட்டுக்குப் போன பிறகு சவுக்கை எடுத்திருக்கிறான். அம்மாவிடம் கேட்டேன். "ஆமாப்பா, அம்புட்டு அழகா அடிப்பான், ஒன்னய மாதிரியே" என்றாள்.

நேற்றுச் சாயங்காலம் மன்னிப்புக் கேட்கிற சடங்கு. என் முறை வந்தது. இன்னாசியின் முன்னால் முழங்காலிட்டேன். வழக்கமாகச் சொல்கிறது வரவில்லை. "நான் ஜெஸ்ஸிய அடிச்சுட்டேன். ரெண்டு அடி. வாய மூடுன்னு சொன்னேன். எம் மகன் அதப் பாத்துக் கை தட்டுனான்" என்றேன். நாற்பது பேர் நின்றுகொண்டிருந்தார்கள். நீ தட்டியதை நான் சொல்லவில்லை. அது உன்னுடையது.

யாராவது என்னைக் காறித் துப்புவார்கள் என்று நினைத்தேன். கமிட்டித் தலைவர், "புருஷன் பொண்டாட்டி சண்ட இல்லாத வீடு ஏதுப்பா? எந்திரி, நேரமாகுது" என்றார். பின்னால் ஒருத்தர் சிரித்தார். யூதாஸ் வேஷக்காரர் என் தோளைத் தட்டிக் கொடுத்தார். ஒருத்தருக்குக்கூட என்மேல் கோபம் வரவில்லை. எந்த வீட்டில் நடக்காதது என்று நான் உனக்கு எழுதினேனே, அதையே அவர்கள் என்னிடம் திருப்பிச் சொன்னார்கள். கேட்கிற இடத்தில் நின்றால்தான் அது எப்படி இருக்கிறது என்று தெரிகிறது.

இன்னாசி மட்டும் என்னைத் தூக்கி நிறுத்தி, "எங்கிட்ட ஏண்ணே மண்டி போடுறீங்க? அடிபட்டது நான் இல்லயே" என்றான்.

வேஷத்தை வேறு யாருக்காவது கொடுங்கள் என்று கேட்டேன். இரண்டு நாளில் யாரைப் பழக்குவது, கால் மிதியும் பலகைச் சத்தமும் சேராவிட்டால் காட்சியே கெட்டுப்போகும் என்கிறார்கள். அது நிஜம்தான். நேர்ச்சை குறைபட்டால் அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிடும் என்கிற பயமும் எனக்கு இருக்கிறது, மறைக்கவில்லை. அதனால் போடுகிறேன். ஆனால் என் மகன் பார்க்க வேண்டாம். மூன்று கடிதத்தில் கூட்டி வா, கூட்டி வா என்று எழுதியவன்தான் எழுதுகிறேன்.

அந்த வார்த்தை எனக்கு ஞாபகம் இல்லை என்று எழுதினேன். ஞாபகம் இருந்தது.

நான் செய்தது தப்பு. போனில் சொன்னால் கத்திவிடுவேனோ என்று எழுதுகிறேன்.

சேவியர்

*

சேவுகம்பட்டி
17.4.2023

ரோஹித்தின் அப்பாவுக்கு,

அவனைக் கூட்டி வரவில்லை. நான் வந்திருந்தேன்.

அண்ணன் வண்டியில் கொண்டுவந்து விட்டு, காட்சி முடிகிற வரை டீக்கடையில் இருந்தார். முன்வரிசையில் இரண்டு நாற்காலி காலியாக இருந்ததைப் பார்த்தேன். அங்கே போகவில்லை. மேடைக்கு ஓரமாக, பெரியகருப்பன் மைக்கும் பலகையுமாக உட்கார்ந்திருந்த இடத்தில் போய் நின்றேன். "ஒக்காருங்கக்கா" என்று ஒரு பெட்டியைத் துடைத்துப் போட்டார். "இந்த வருசம் சவுண்ட கொறச்சு வைக்கச் சொல்லிட்டாரு அண்ணன். கமிட்டிக்காரங்க என்னயத்தான் திட்டப் போறாங்க" என்றார்.

அங்கிருந்து பார்த்தால் எல்லாம் பிரித்துப் போட்ட மாதிரி தெரிகிறது. நீங்கள் மிதிக்கிறீர்கள், இவர் பலகையை அடிக்கிறார், இன்னாசி துடிக்கிறார். உங்கள் கை ஒரு சாண் தள்ளி நிற்கிறது. நீங்கள் சொன்னது பொய்யில்லை. பொய்யில்லை என்று தெரிந்தும் முதல் மிதிக்கு என் கை தானாகக் கன்னத்துக்குப் போய்விட்டது. பெரியகருப்பன் அதைப் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் என் பக்கமே திரும்பவில்லை.

ஒவ்வொரு வருடமும் அடித்து முடித்ததும் சவுக்கைத் தலைக்கு மேல் சுழற்றிக் கூட்டத்தைப் பார்ப்பீர்கள். அப்போதுதான் பெரிய கை தட்டு வரும். இந்த வருடம் சவுக்கைத் தரையில் வைத்துவிட்டு, கூட்டத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டீர்கள். தட்டத் தூக்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் ஜனங்கள் உட்கார்ந்திருந்தார்கள். "சேவியருக்கு இந்த வருசம் சரியில்ல" என்று எனக்குப் பின்னால் ஒரு அம்மா சொன்னது. எனக்கு அழுகை வந்தது. அண்ணன் கேட்டதற்குப் புழுதி என்று சொல்லிவிட்டேன்.

இதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். சாணார்பட்டிக்கு எப்போது வருவேன், வருவேனா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. கட்டின பெட்டி கட்டினபடியே கட்டிலுக்கு அடியில் இருக்கிறது, துணிகளை நான் இன்னும் பீரோவில் அடுக்கவும் இல்லை. என்னை அவசரப்படுத்தாதீர்கள்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை திண்டுக்கல்லில் பத்து மணி வத்தலக்குண்டு வண்டியைப் பிடித்து இங்கே வாருங்கள். அத்தையைக் கூட்டி வர வேண்டாம், இது நாம் மூன்று பேருக்குள். சவுக்கை எரித்தேன், மரத்தை வெட்டினேன் என்று ஏதாவது செய்துவிட்டு வந்து கதை சொல்லாதீர்கள், எனக்கு அது வேண்டாம். மரத்தைக் கழுவி மட்டும் விடுங்கள், கீழே இருக்கிறதையும் சேர்த்து.

ரோஹித்தை மடியில் தூக்கி வைத்துக்கொள்ளாதீர்கள். அவனை எதிரில் உட்கார வைப்போம், துணி யானையோடு. இன்னாசியிடம் நாற்பது பேர் முன்னால் சொன்னதை என்னிடம், அவன் பார்க்கச் சொல்லுங்கள். கடிதத்தில் எழுதியது எனக்குப் போதும். அவனுக்குப் படிக்கத் தெரியாது. அவனுக்கு இரண்டு வயதுதானே, என்ன புரியும் என்று கேட்பீர்கள். புரியாது. ஆனால் உங்கள் குரலில் அவன் சொல்லிப் பழகுவது இப்போதைக்கு ஒரே ஒரு வார்த்தைதான். அதை நான் எவ்வளவு சொன்னாலும் மாற்ற முடியவில்லை. இன்னொன்றை நீங்கள்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

கத்தாமல் சொல்லுங்கள். காலை மிதிக்காதீர்கள்.

அவன் உங்களைப் பார்ப்பான், பிறகு என்னைப் பார்ப்பான். ஒருவேளை கை தட்டுவான். தட்டட்டும். அன்றைக்கு நானும் சேர்ந்து தட்டுவேன்.

ஜெஸ்ஸி